சிதைந்த பல்லை மீட்டல்: அடைப்பு முதல் உறை வரை

எலும்பு முறிந்தால் உடல் அதைத் தானே கூட்டிக்கொள்கிறது. தோல் கிழிந்தால் புதுத் தோல் வளர்கிறது. பல்லின் மேற்புறத்தை மூடியிருக்கும் எனாமலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனாமலை உருவாக்கும் செல்கள், பல் ஈறைப் பிளந்துகொண்டு வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல் அறுபது வயதிலும் அதே எனாமலைக் கொண்டுதான் மென்றாக வேண்டும். அதில் குழி விழுந்துவிட்டால் வெளியிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்துதான் நிரப்ப முடியும். அடைத்தல், வேர் சிகிச்சை, உறை போடுதல் என்று பல் மருத்துவம் கண்டறிந்த வழிகள் எல்லாம் இந்தக் குறையை ஈடுசெய்ய வந்தவை. சிதைவு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதே இவற்றில் எது தேவை என்பதைத் தீர்மானிக்கிறது.

உலக அளவில் பற்சொத்தை மிகப் பரவலான நோய். நிலைப் பற்களில் சொத்தை உள்ளவர்கள் ஏறத்தாழ 200 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வாய்நல அறிக்கை மதிப்பிட்டது. மும்பைப் பெருநகரின் வடகிழக்கு விளிம்பில் இருக்கும் அம்பர்நாத் போன்ற தொழில் நகரங்களுக்கும் இது புதிதல்ல.

சொத்தை உருவாகும் விதம்

பல்லின் வெளி அடுக்கு எனாமல். எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுப்பொருளாலான இது உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன் அடியில் டென்டைன் இருக்கிறது. இதில் தாது ஏறத்தாழ 70 சதவீதம். மீதி நாரும் நீரும். அதனால் இது எனாமலைவிட மென்மையானது, சற்று வளைந்துகொடுப்பது. டென்டைனுக்குள், பல்லின் நடுவில், நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழ் இருக்கிறது. இது வேர்களின் நடுவே உள்ள மெல்லிய கால்வாய்கள் வழியே தாடை எலும்போடு தொடர்பு கொள்கிறது.

பல்லின் மேல் படியும் பிசுபிசுப்பான படலத்தில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. இவற்றில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூடன்ஸ் என்ற வகையை 1924இல் கிளார்க் என்ற ஆய்வாளர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்தார். நாம் உண்ணும் சர்க்கரையைத் தின்று இவை அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலம் பெருகிப் படலத்தின் பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலின் தாது கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அமிலத்தைச் சமன்செய்து, கரைந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திருப்பித் தருகிறது. ஒருமுறை இனிப்புச் சாப்பிட்டபின் அமிலம் தணிய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அதற்குள் மறுபடி இனிப்பு வந்தால் கரைவதே மிஞ்சும்.

ஆகவே சர்க்கரையின் மொத்த அளவைப் போலவே, அது எத்தனை முறை வாய்க்குள் போகிறது என்பதும் முக்கியம். 1945 முதல் 1953 வரை ஸ்வீடனின் விபெஹோல்ம் மருத்துவமனையில் நடந்த ஆய்வு இதை உறுதியாகக் காட்டியது. உணவோடு சேர்த்து உண்ட சர்க்கரை அதிகக் கேடு செய்யவில்லை. உணவு வேளைகளுக்கு இடையில் உண்ட ஒட்டும் மிட்டாய்களே சொத்தையை வெகுவாகப் பெருக்கின. மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை அவர்கள் சம்மதம் பெறாமல் பயன்படுத்தியதால் அந்த ஆய்வு இன்று கண்டிக்கப்படுகிறது. ஆனால் அதன் முடிவு நிலைத்துவிட்டது. தொழிற்சாலை வாசலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குடிக்கும் சர்க்கரை தூக்கலான கட்டிங் டீ, ஒவ்வொரு முறையும் பல்லை அரை மணிக்கு மேல் அமிலத்தில் ஊற வைக்கிறது.

சொத்தையின் முதல் அடையாளம் குழி அல்ல, சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் புள்ளி. அந்த நிலையில் எனாமலின் மேற்பரப்பு இன்னும் உடையவில்லை. உடலால் புது எனாமலை உருவாக்க முடியாவிட்டாலும், இழந்த தாதுவை அதில் திரும்பப் படியவைக்க முடியும். ஃபுளூரைடு கலந்த பற்பசை அதற்கு உதவுகிறது. ஃபுளூரைடு சேர்ந்த தாது, அமிலத்தை இன்னும் நன்றாகத் தாங்கும், பி.எச். ஏறத்தாழ 4.5 வரை இறங்கினால்தான் கரையும். துளை போடாமல், வலி இல்லாமல் பல்லைப் பழையபடி திருப்பக்கூடிய நிலை இது ஒன்றுதான். மேற்பரப்பு உடைந்து குழி விழுந்தபின் திரும்பிப் போக வழி இல்லை.

டென்டைனை எட்டியதும் சொத்தை வேகமெடுக்கிறது. வெளியே ஊசிமுனை அளவு துளை தெரியும்போது உள்ளே பெரிய பொந்து இருக்கலாம். குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம் வருவது இந்தக் கட்டத்தில். பற்கூழை எட்டினால் இரவில் தூங்கவிடாத வலி வருகிறது. சில நாள்களில் அந்த வலி தானே அடங்கிவிடலாம். பல் குணமாகிவிட்டது என்று பலர் நினைப்பது அப்போதுதான். உண்மையில் பற்கூழ் செத்துவிட்டது. கிருமிகள் வேர்நுனி வழியே தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கின்றன.

சொத்தைப் பல் தாடைக்குள் போகும் வாசல் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் தீப்பெட்டித் தொழில் கொடுமையான சான்று. வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. சொத்தைப் பல் உள்ளவர்களும் பல் பிடுங்கியவர்களுமே அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்று அக்கால மருத்துவர்கள் கண்டார்கள். 1906இல் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்தது. இந்தியாவில் 1913இல் அதற்கெனச் சட்டம் வந்தது. அம்பர்நாத்தின் அடையாளமாகப் பல பத்தாண்டுகள் விளங்கிய விம்கோ தீப்பெட்டி ஆலை 1920களில்தான் தொடங்கியது. அங்கே வேலை செய்தவர்களின் தலைமுறை அந்த நோயிலிருந்து தப்பியது சட்டத்தால் கிடைத்த நன்மை.

சொத்தை இல்லாத சிதைவுகள்

பல் சிதையக் கிருமி மட்டுமே காரணம் அல்ல. செங்கல் பொடி, கரி, சாம்பல், கரகரப்பான உப்பு ஆகியவற்றால் ஆண்டுக்கணக்கில் தேய்த்தால் எனாமல் தேய்ந்துபோகும். மகாராஷ்டிரத்தில் வறுத்த புகையிலைப் பொடியான மிஷ்ரியால் பல் துலக்கும் பழக்கம், குறிப்பாகப் பெண்களிடையே, நெடுங்காலமாக உண்டு. அது ஈறையும் வாயின் உட்தோலையும் சேர்த்துக் கெடுக்கிறது. கந்தக அமில ஆவி மிகுந்த மின்கலத் தொழிற்சாலைகளிலும் உலோகப் பூச்சுப் பட்டறைகளிலும் முன்பற்களின் விளிம்பு கரைவதை மருத்துவர்கள் நெடுநாளாகப் பதிவு செய்துள்ளனர். இரவில் பல் கடிக்கும் பழக்கமும், விபத்தில் முன்பல் உடைவதும் பல்லை உறைக்குக் கொண்டுசேர்க்கும் மற்ற காரணங்கள்.

பாக்கு தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. கடினமான பாக்கை மெல்வதால் பல் தேய்வதும் விரிசல் விடுவதும் ஒருபுறம். பாக்கால் வாயின் உட்தோல் நாராக இறுகும் நோய் மறுபுறம். அந்த நோயில் வாய் திறக்கும் அளவு நாளுக்கு நாள் குறைகிறது. இரண்டு விரல் நுழையாத வாயில் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்வதோ உறை போடுவதோ மிகக் கடினம். பல நேரம் இயலாது. பாக்கும் புகையிலையும் கலந்த குட்காவை மகாராஷ்டிர அரசு 2012இல் தடைசெய்ததற்கு வாய்ப் புற்றுநோய் முதற்காரணம். ஆனால் பாக்கை விடுவது பற்களை மீட்கும் வாய்ப்பையும் காப்பாற்றும்.

குழியை அடைத்தல்

பல்லைத் துளைத்துச் சரிசெய்யும் முயற்சி துணைக்கண்டத்திலேயே மிகப் பழையது. இன்றைய பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் உள்ள மெஹர்கரில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறைகளில் ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப்பற்களில் கருவியால் இட்ட துளைகள் கிடைத்தன. 2006இல் வெளியான இந்த ஆய்வு, துளை இட்டபின்னும் அவர்கள் அந்தப் பற்களால் மென்று வாழ்ந்ததைத் தேய்மானத்தைக் கொண்டு நிறுவியது. அங்கே மணிகளைத் துளைத்த கல் முனைக் கருவிகளே பல்லையும் துளைத்திருக்க வேண்டும். துளையில் என்ன நிரப்பினார்கள் என்பதற்குச் சான்று எஞ்சவில்லை. ஸ்லோவேனியாவில் கிடைத்த 6,500 ஆண்டுப் பழமையான ஒரு பல்லில் தேன்மெழுகு பூசப்பட்டிருந்தது.

நவீன அடைப்பின் நெறிகளை வகுத்தவர் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி. வி. பிளாக். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் குழிகளை வகைப்படுத்தி, எந்த வடிவில் வெட்டினால் அடைப்பு நிற்கும் என்று விதிகள் தந்தார். அப்போது கையில் இருந்த பொருள் அமால்கம். வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த பொடியைப் பாதரசத்தோடு குழைத்தால் அது சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும். மலிவும் உறுதியும் கொண்ட இந்த அடைப்பு பல்லோடு ஒட்டாது. அது நழுவாமல் இருக்க நல்ல பல்லையும் சேர்த்து வெட்டி, அடி அகன்ற குழி அமைக்க வேண்டியிருந்தது. அதன் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம் என்பதும் ஒரு சிக்கல். பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதை ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல் அமால்கம் பயன்பாடு, தவிர்க்க முடியாத மருத்துவத் தேவைகளைத் தவிர, நிறுத்தப்பட்டுள்ளது.

பல்லோடு ஒட்டும் அடைப்புக்கு வழி திறந்தவர் மைக்கேல் புவனோகோர். 1955இல் அவர் எனாமலின் மேல் பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவி நுண்ணிய பள்ளங்களை உண்டாக்கினார். அந்தப் பள்ளங்களில் பிசின் இறங்கி இறுகியபோது அது பல்லைப் பற்றிக்கொண்டது. 1960களின் தொடக்கத்தில் ரஃபேல் போவன் கண்டுபிடித்த பிசினில் நுண்ணிய கண்ணாடித் துகள்களைக் கலந்து செய்ததே, பல்லின் நிறத்திலேயே இருக்கும் இன்றைய காம்போசிட். நீல ஒளி பட்டதும் அது சில விநாடிகளில் இறுகும். இறுகும்போது சற்றே சுருங்குவதால், இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள அடுக்குகளாக வைத்து ஒளி பாய்ச்ச வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாக நிரப்பினால் ஓரத்தில் இடைவெளி விழும்; மறுசொத்தை அங்கிருந்து தொடங்கும்.

மூன்றாவது பொருள் கிளாஸ் அயனோமர். பிரிட்டனில் வில்சனும் கென்ட்டும் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய இது பல்லோடு வேதியியல் முறையில் ஒட்டும், ஃபுளூரைடையும் மெல்ல வெளியிடும். மின்சாரம் இல்லாத ஊரிலும் கையால் சொத்தையைச் சுரண்டி எடுத்து இதை வைத்து அடைக்க முடியும். இதுவும், சொத்தையை நிறுத்தும் சில்வர் டையமைன் ஃபுளூரைடு என்ற திரவமும் 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றன. அந்தத் திரவம் சொத்தையைக் கருப்பாக்கிவிடும். கருப்பு நிறம் அழகைக் கெடுத்தாலும் துளையோ ஊசியோ இல்லாமல் சொத்தை நிற்கிறது. சிறு குழந்தைகளுக்கும் படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கும் இது பெரிய உதவி.

எந்த அடைப்பும் என்றென்றும் நிற்பதில்லை. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குழி சற்றுப் பெரிதாகிறது. சிறிய அடைப்பு பெரிய அடைப்பாகி, பெரிய அடைப்பு உறையாகி, கடைசியில் பல்லே போவதும் உண்டு. முதல் அடைப்பைத் தள்ளிப்போடுவதும், போட்டால் அதைச் சிறியதாகப் போடுவதும் இதனால்தான் இன்றைய பல் மருத்துவத்தின் நெறி.

வேர் சிகிச்சை

பற்கூழ் அழுகிவிட்டால் அடைப்பு மட்டும் போதாது. உள்ளே கிருமி இருக்க மேலே மூடினால் சீழ் பிடிக்கும். முன்பெல்லாம் இதற்கு ஒரே மருந்து பல்லைப் பிடுங்குவதுதான். ரூட் கேனால் என்று மக்கள் அறிந்த வேர் சிகிச்சை, பற்கூழை மட்டும் நீக்கிப் பல்லின் உடலைக் காப்பாற்றுகிறது.

பல்லின் மேற்பகுதியில் ஒரு திறப்பு இட்டு, வளையும் தன்மையுள்ள நிக்கல்-டைட்டானியம் ஊசிகளால் கால்வாய்களைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறார்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் கிருமிகளைக் கொன்று, எஞ்சிய திசுக்களைக் கரைக்கிறது. பிறகு கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை நிரப்பி அடைக்கிறார்கள். மலாய் நாட்டுக் காடுகளின் மரப்பாலிலிருந்து வரும் இந்தப் பொருள், 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு மேலுறையாகவும் பயன்பட்டது.

கால்வாய் ஒன்றைத் தவறவிட்டால் சிகிச்சை தோற்கும். கீழ்த் தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் மூன்று கால்வாய்கள் உண்டு. மேல் தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் நான்காவது கால்வாய் ஒன்று பல நேரம் ஒளிந்திருக்கும். இதனால்தான் எக்ஸ்-ரே இல்லாமல் இச்சிகிச்சையைத் தொடங்கக் கூடாது.

வலி நின்றதோடு வேலை முடிந்தது என்று நினைத்து, பலர் அடுத்த முறை வருவதில்லை. இது ஆபத்தான இடம். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல் உள்ளே குடையப்பட்டு, சுவர்கள் மெலிந்து நிற்கிறது. வலுவாகக் கடிக்கும்போது கடைவாய்ப்பற்களில் ஏறத்தாழ 50 முதல் 70 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் விழக்கூடும். உறை போடாத பல் ஒருநாள் கடலை கடிக்கும்போது வேர் வரை பிளந்துவிடும். அதன்பின் பிடுங்குவதைத் தவிர வழி இல்லை. அமெரிக்காவில் 2002இல் வெளியான ஆய்வு ஒன்றில், வேர் சிகிச்சைக்குப் பின் உறை போடாத பற்கள், உறை போட்ட பற்களைப் போல ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டிருந்தன.

உறை: தேவையும் செதுக்கலும்

கேப் என்று மக்கள் சொல்லும் உறை, பல்லின் வெளியே தெரியும் பகுதி முழுவதையும் ஈறு வரை மூடும் தொப்பி. வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல், சுவர்கள் பாதிக்கு மேல் போய்விட்ட பல், விரிசல் விட்ட பல், அமிலத்தாலும் தேய்மானத்தாலும் குட்டையான பல் ஆகியவற்றுக்கு உறை தேவைப்படுகிறது. நிறம் சரியில்லை என்பதற்காக மட்டும் நல்ல பல்லுக்கு உறை போடுவது தவறு. முழு உறைக்காகச் செதுக்கும்போது பல்லின் மேற்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்கு வரை போய்விடுகிறது. போனது திரும்பாது. உயிருள்ள பல்லைச் செதுக்கினால் பற்கூழ் பின்னாளில் சாகும் வாய்ப்பும் சிறிதளவு உண்டு. சிதைவு சிறிதானால் மேற்பரப்பை மட்டும் மூடும் பகுதி உறை போதும்.

முதலில் சொத்தை முழுவதையும் நீக்கி, இழந்த உட்பகுதியைக் காம்போசிட்டால் கட்டுகிறார்கள். சுவர்களே இல்லாத பல்லில், வேருக்குள் கண்ணாடி நாரினாலான கம்பி ஒன்றை ஒட்டி அதன் மேல் கட்டுகிறார்கள். எதுவானாலும் ஈறுக்கு மேலே சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் உயரம் இயற்கைப் பல் மிஞ்சியிருக்க வேண்டும். மாட்டு வண்டிச் சக்கரத்தின் மரத்துண்டுகளை இரும்புப் பட்டை இறுகப் பிடித்திருப்பது போல, உறை அந்த விளிம்பைச் சுற்றிப் பிடித்துப் பல் பிளக்காமல் காக்கிறது. பிடிக்க விளிம்பே இல்லாத பல்லில் எவ்வளவு விலையுயர்ந்த உறையும் நிற்காது.

பிறகு மேற்பரப்பில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டரும், பக்கங்களில் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டரும் செதுக்குகிறார்கள். பக்கங்கள் மேல்நோக்கி மிகச் சிறிதளவே குவிய வேண்டும். அதிகம் குவிந்தால் உறை கழன்றுவிடும். குவியவே இல்லையென்றால் உள்ளே இறங்காது. நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் துளைக்கருவி 1957இல் வந்தபின்தான் இந்தச் செதுக்கல் சில நிமிட வேலையாகியது. அதற்கு முந்தைய கால்மிதிக் கருவிகளின் வேகத்தில் இது நோயாளிக்கும் மருத்துவருக்கும் வேதனை.

செதுக்கிய பல்லின் அச்சைச் சிலிக்கோன் பசையால் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். இப்போது பல இடங்களில் வாய்க்குள் செலுத்தும் ஒளிக்கருவி பல்லின் வடிவத்தைக் கணினியில் பதிவு செய்கிறது. சூரிக் நகரில் வெர்னர் மோர்மனும் மார்கோ பிராண்டெஸ்டினியும் உருவாக்கிய இந்த முறையால் 1985இல் முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது. உறை தயாராகும் வரை, ஏறத்தாழ ஒரு வாரம், செதுக்கிய பல்லில் தற்காலிக உறை இருக்க வேண்டும். இல்லையென்றால் பல் கூசும், பக்கத்துப் பற்கள் நகர்ந்து உறைக்கு இடம் இல்லாமல் போகும்.

உறைக்கான பொருள்கள்

முழு உலோக உறை பழைய முறை. மெழுகில் உறையைச் செதுக்கி, அதைச் சுற்றி அச்சுக் கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி அந்த இடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். வில்லியம் டேகார்ட் 1907இல் இதைப் பல் மருத்துவத்தில் பரவச் செய்தார். சுவாமிமலை ஸ்தபதிகள் ஐம்பொன் சிலை வார்ப்பதும் இதே மெழுகு வழிதான். தங்கக் கலவை உறை பல்லுக்கு மிக இணக்கமானது. மெல்லியதாக இருந்தாலும் தாங்கும், எதிர்ப் பல்லையும் தேய்க்காது. விலைதான் தடை.

உலோக உறையின் மேல் பீங்கானைச் சுட்டு ஒட்டும் முறை 1960களில் வந்தது. உலோகமும் பீங்கானும் சூட்டில் ஒரே அளவில் விரிந்து ஒரே அளவில் சுருங்க வேண்டும். இல்லையென்றால் ஆறும்போது பீங்கான் வெடித்துவிடும். இரண்டின் விரிவுத் தன்மையையும் இணங்கச் செய்ததே அந்தக் கண்டுபிடிப்பின் சாரம். இன்றும் நடுத்தர விலையில் கிடைப்பது இதுதான். ஆண்டுகள் சென்றால் ஈறோரத்தில் உலோகத்தின் கருங்கோடு தெரியலாம். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நிக்கல் கலந்த உலோகம் ஆகாது.

சிர்கோனியா உறை இக்காலத்தின் வரவு. பழைய பீங்கான் 100 மெகாபாஸ்கலுக்கும் குறைவான வளைவு அழுத்தத்திலேயே உடைந்துவிடும். முன்பற்களுக்கு உகந்த லித்தியம் டைசிலிகேட் கண்ணாடி ஏறத்தாழ 400 மெகாபாஸ்கல் வரை தாங்கும். சிர்கோனியாவின் உறுதியான வகைகள் 900 முதல் 1,200 வரை தாங்கும். இந்த வலிமைக்கு அதன் படிக அமைப்பே காரணம். இட்ரியம் ஆக்சைடு கலந்து நிலைநிறுத்திய சிர்கோனியாவில் விரிசல் ஒன்று தொடங்கினால், விரிசல் முனையில் உள்ள படிகங்கள் வடிவம் மாறிச் சில சதவீதம் பருக்கின்றன. அந்தப் பருமன் விரிசலை இறுக்கி மேலே போகவிடாமல் தடுக்கிறது. அரைவேக்காட்டுக் கட்டியில் கணினி இயந்திரம் உறையைக் கால் பங்கு பெரிதாகக் கடைந்தெடுக்கிறது. ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் சூளையில் அது சரியான அளவுக்குச் சுருங்குகிறது. சிர்கோனியாவின் மூலத் தாதுவான சிர்கான், குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் பிரித்தெடுக்கப்படுகிறது.

எல்லாருக்கும் விலையுயர்ந்த உறை தேவை என்பதில்லை. பின்னால் மறைந்திருக்கும் கடைவாய்ப்பல்லுக்கு நன்றாகப் பொருந்தும் உலோக உறை, சரியாகப் பொருந்தாத சிர்கோனியாவைவிட நீண்ட காலம் உழைக்கும். உறையின் ஆயுளைப் பொருளைவிட விளிம்பின் பொருத்தமே அதிகம் தீர்மானிக்கிறது.

குழந்தைகளின் பால்பற்கள்

விழப்போகும் பல்தானே என்று பால்பல் சொத்தையை விட்டுவிடுவது பெரிய தவறு. பால்பல் அடியில் வரும் நிலைப் பல்லுக்கு இடம் காத்து நிற்கிறது. முன்கூட்டிப் பிடுங்கினால் நிலைப் பற்கள் கோணலாக முளைக்கும். பால் கடைவாய்ப்பற்களுக்கு ஆயத்தமாகக் கிடைக்கும் துருப்பிடிக்காத எஃகு உறைகள் 1950 முதல் பயன்பாட்டில் உள்ளன. ஸ்காட்லாந்தின் நார்னா ஹால் என்ற பல் மருத்துவர் ஊசியும் துளைப்பும் இல்லாமல், சொத்தையைக்கூட நீக்காமல், எஃகு உறையை அப்படியே ஒட்டினார். சர்க்கரை கிடைக்காமல் அடைபட்ட கிருமிகள் செயலிழந்தன. 2000களில் நடந்த ஆய்வுகள் இம்முறை வழக்கமான அடைப்புகளைவிட நன்றாக நிற்பதைக் காட்டின. பற்கூழ் இன்னும் கெடாத பல்லுக்கு மட்டுமே இது பொருந்தும்.

பல் போனபின்

மீட்க இயலாத பல்லைப் பிடுங்கியபின் அந்த இடத்தைக் காலியாக விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப் பல் நீளும். இருபுறமும் உள்ள பற்களைச் செதுக்கி மூன்று உறைகளை ஒன்றாகக் கோப்பது பிரிட்ஜ். தாடை எலும்பில் டைட்டானியம் திருகு பதித்து அதன் மேல் உறை போடுவது இம்பிளான்ட். எலும்பு டைட்டானியத்தோடு நேரடியாக இணையும் என்று கண்டறிந்த ஸ்வீடனின் பெர்-இங்வர் பிரோனேமார்க், 1965இல் முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தினார். இரண்டும் நல்ல முறைகள். ஆனால் சொந்த வேரோடு நிற்கும் பல்லுக்கு உள்ள மெல்லும் உணர்வை இம்பிளான்ட் தருவதில்லை.

உறைக்குப் பின்

உறைக்குச் சொத்தை வராது. உறைக்கு அடியில் உள்ள பல்லுக்கு வரும். உறையின் விளிம்பு ஈறோரம் பல்லைத் தொடும் இடமே கிருமி நுழையும் வழி. நாளுக்கு இருமுறை ஃபுளூரைடு பற்பசையால் அந்த விளிம்பைத் தேய்ப்பதும், பல்லிடுக்கைச் சிறு தூரிகையாலோ நூலாலோ சுத்தம் செய்வதும் கட்டாயம். குண்டூசியும் தீக்குச்சியும் ஈறைக் கிழிக்கும். இரவில் பல் கடிப்பவர்கள் பாதுகாப்புத் தகடு அணிய வேண்டும். இப்படிப் பேணினால் ஐந்து ஆண்டுக் கணக்கில் 90 சதவீதத்துக்கும் மேலான உறைகள் நிலைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பல உறைகள் பதினைந்து ஆண்டுகளையும் தாண்டுகின்றன. கடிக்கும்போது உறை உயரமாகத் தோன்றினால் பழகிவிடும் என்று விடாமல் உடனே சரிசெய்துகொள்ள வேண்டும். கழன்ற உறையைக் கடைப் பசையால் ஒட்டக் கூடாது. அதைக் கழுவி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

அம்பர்நாத்திலிருந்து சிகிச்சைக்கு

பதிவு பெற்ற பல் மருத்துவரிடம் மட்டுமே இந்தச் சிகிச்சைகளைப் பெற வேண்டும். 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. தெருவோரங்களில் பதிவில்லாதவர்கள் கம்பியும் தானே இறுகும் பிசினும் கொண்டு பக்கத்துப் பற்களோடு ஒட்டிவைக்கும் நிலையான பல், ஈறை அழுகச் செய்து நல்ல பற்களையும் சேர்த்துக் கெடுக்கிறது.

தனியார் மருத்துவமனைச் செலவு தாங்காதவர்களுக்குக் கல்லூரி மருத்துவமனைகள் நல்ல வழி. மத்திய ரயில்வேயின் கல்யாண்–கர்ஜத் பாதையில் உள்ள அம்பர்நாத்திலிருந்து மும்பையின் சி.எஸ்.எம்.டி. ரயில் முனையம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அங்கே இறங்கினால் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி, செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில், நடக்கும் தூரத்தில் இருக்கிறது. மும்பை மாநகராட்சியின் நாயர் மருத்துவமனைப் பல் மருத்துவக் கல்லூரிக்குத் தாதரில் வண்டி மாறி மும்பை சென்ட்ரலில் இறங்கலாம். தாணேயில் மாறினால் நேருல், காமோட்டே, கார்கர் பகுதிகளின் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கும் போகலாம். இங்கெல்லாம் ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்கிறார்கள். கட்டணம் குறைவு, நேரம் அதிகம். வேர் சிகிச்சையும் உறையும் முடியப் பலமுறை வர வேண்டியிருக்கும். நாட்கூலியை விட்டு வருபவருக்கு அதுவே பெரிய செலவு. ஆகவே முதல் நாளிலேயே எத்தனை முறை வர வேண்டும், எந்த வகை உறை, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுத் திட்டமிட்டுக்கொள்வது நல்லது. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளர்கள் அதன் மருந்தகத்தில் பல் சிகிச்சை பற்றி முதலில் விசாரிக்க வேண்டும்.

வெள்ளைப் புள்ளியாக இருக்கும்போது பற்பசையும் பழக்க மாற்றமும் போதும். சிறு குழியாக இருக்கும்போது ஒருமுறை வந்தால் அடைத்துவிடலாம். பற்கூழை எட்டிவிட்டால் வேர் சிகிச்சையும் உறையும் சேர்ந்து பல வாரங்களையும் பல ஆயிரங்களையும் கேட்கும். வலி இல்லாதபோதே ஆண்டுக்கு ஒருமுறை பல்லைக் காட்டிவிடுங்கள். வேர் சிகிச்சை செய்தவர்கள் உறையைப் போட்டு முடிக்காமல் நிறுத்திவிடாதீர்கள்.